சுவரில் வந்த வெள்ளம்

எங்கள் ஊரின் வரலாறு முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆற்றுக்குக் குறுக்கே ரயில் பாலம் கட்ட வந்தவர்கள் முதல் தூணைத் தப்பான இடத்தில் கட்டிவிட்டார்கள். தப்பு என்று தெரிவதற்குள் தூண் முழுசாக எழும்பிவிட்டது. இடிக்க மனசில்லாமல் அதை நட்டாற்றில் அப்படியே விட்டுவிட்டு, சற்றுத் தள்ளிப் பாலத்தைக் கட்டினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனதால் ஆட்கள் தங்க வரிசை வீடுகள் வந்தன. வரிசை வீடுகளை நம்பிக் கடைகள் வந்தன. கடைகளுக்குச் சரக்கு இறக்க ரயில் நின்றது. அவ்வளவுதான். இங்கே ராஜா யாரும் பிறக்கவில்லை, சண்டை எதுவும் நடக்கவில்லை, பெரிய மனிதர்கள் யாரும் வந்து இறங்கவும் இல்லை.

இப்படித் தானுண்டு தன் வேலையுண்டு என்றிருந்த ஊருக்கு 'ஊர் வரலாறு மற்றும் பார்வையாளர் வசதிக் குழு' என்று ஒன்றை அமைத்தார்கள். ரயில் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் வெளியாள் வந்து பார்க்க மூன்று இடங்களாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர்க் குழு கலைக்கப்படும் என்று மேலிடத்து உத்தரவு. குழுவுக்கு ஒரு காரும், ஸ்டேஷன் மாடியில் ஏசி போட்ட அறையும் கொடுத்திருந்தார்கள். கலைந்துபோக யாருக்கு மனசு வரும்?

குழுத் தலைவர், கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் முத்திரை குத்தத் தோன்றும். அவருக்குத் துணையாக ஒரு ஆராய்ச்சியாளர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார், தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று சொல்வார்கள். ஊருக்குள் அவர் பெயரே பூதக்கண்ணாடிதான்.

இருவரும் சேர்ந்து நட்டாற்றுத் தூணுக்குத் தியாகத் தூண் என்று பெயர் வைத்தார்கள். பாலத்துக்கு வழிவிட்டுத் தான் ஒதுங்கி நின்றதாம். அடுத்து, பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சை 'மகான் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடிய பெஞ்சு' என்று அறிவித்தார்கள். எந்த மகான் என்று கேட்டேன். "அமர்ந்திருக்கக்கூடியன்னுதான் போட்டிருக்கோம். அமர்ந்தார்னு போட்டாத்தானே யாருன்னு சொல்லணும்?" என்றார் பூதக்கண்ணாடி. அன்றிலிருந்து அந்த பெஞ்சில் ஒருவரையும் உட்கார விடவில்லை. ரயிலுக்குக் காத்திருக்கும் கர்ப்பிணிகள் அதன் பக்கத்தில் நின்று அதைத் தரிசித்தார்கள். மூன்றாவது இடத்துக்குத்தான் குழு நாயாய் அலைந்துகொண்டிருந்தது.

என் அக்கா விழுந்தது அந்தச் சமயத்தில்.

நாங்கள் இருப்பது அந்தப் பழைய வரிசை வீடுகளில். அக்காவும் அத்தானும் ஒரு வீடு, நான் பக்கத்து வீடு. அந்த வீடுகளைக் கட்டின புண்ணியவான் கழிவறையைப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டிக் கட்டிவிட்டு, அதற்கு வாசலை மட்டும் வெளிப்பக்கம் வைத்திருந்தான். போக வேண்டுமானால் முன்கதவைத் திறந்து தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்தில் நடந்து, பாசி பிடித்த படியேற வேண்டும். மழை நாளில் அக்கா அந்தப் படியில் சறுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். டாக்டர் தகடு வைத்துத் தைத்து, காலைத் தரையில் ஊன்றினால் நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்.

கட்டிலைச் சுவரோரம் போட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் சொட்டுவது படுத்திருப்பவளுக்குக் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நானும் அத்தானும் அவளை நாற்காலியோடு தூக்கித் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். நான் ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டை தூக்குகிறவன், எனக்கு அக்கா ஒரு பாரமில்லை. ஆனால் தெருவே வேடிக்கை பார்க்கும்போது அவள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். உதடு வெடித்துவிட்டது. டாக்டர் எங்களைப் பிடித்துத் திட்டினார்.

சுவரில் ஒரு கதவு வைத்துவிட்டால் தீர்ந்தது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, ஒரு காலை நேரத்து வேலைதான் என்றார். ஆனால் வரிசை வீடுகள் பாரம்பரிய எல்லைக்குள் வந்துவிட்டனவாம், குழுவைக் கேட்காமல் ஒரு செங்கல்லை அசைக்கக் கூடாதாம். அத்தான் சட்டத்துக்குப் பயந்த மனுஷன். போய் அனுமதி கேட்டார். இரண்டாம் நாளே தலைவரும் பூதக்கண்ணாடியும் காரில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் எனக்குக்கூட அவர்கள் மேல் ஒரு மரியாதை வந்தது.

இங்கே அத்தானின் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். அவர் போர்டு எழுதுகிற பெயிண்டர். பிளாட்பாரத்து பெஞ்சுகளுக்குப் பழுப்புப் பெயிண்ட் அடித்தது அவர்தான். மீந்த பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தப் படுக்கையறைச் சுவரில் கீழேயிருந்து அடித்துக்கொண்டு வந்தார். நெஞ்சு உயரத்தில் டப்பா காலி. மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த அப்புறம் வரவே இல்லை.

பூதக்கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சுவரைப் பார்த்துச் சிலையாய் நின்றார்.

"இது என்ன கோடு?"

"பெயிண்டுங்க. நான்தான் அடிச்சேன். பத்தாம போயிடுச்சு," என்றார் அத்தான்.

"பத்தலை. சரி. ஏன் கரெக்டா இந்த உயரத்துல பத்தலை?"

பூதக்கண்ணாடி நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆத்து வண்டல். இரும்புச் சத்து கூடுதல்."

"பெருவெள்ளமா?" என்று கேட்டார் தலைவர்.

"பெருவெள்ளமேதான்."

"சார், எங்க ஊர்ல வெள்ளமே வந்ததில்லையே," என்றேன் நான். "அக்கரைதான் பள்ளம். எவ்வளவு தண்ணி வந்தாலும் அந்தப் பக்கம்தான் போகும்."

"அது உங்க வாய்மொழி வரலாறு. வாய்மொழி வரலாறுன்னா எங்களுக்கு ரொம்ப மரியாதை. ஏத்துக்கத்தான் மாட்டோம்," என்றார் பூதக்கண்ணாடி.

"அப்ப கதவு?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

அறையில் இன்னொரு ஆள் இருப்பதை அப்போதுதான் தலைவர் பார்த்தார். "அம்மா, நீங்க எவ்வளவு குடுத்து வச்சவங்க தெரியுமா? இனிமே ஜனங்க டிக்கெட் வாங்கி, வரிசையில நின்னு இந்தச் சுவரைப் பார்க்கப் போறாங்க. நீங்க படுத்துக்கிட்டே பார்க்கலாம்."

சொல்லிவிட்டுச் சுவரில் ஒரு முத்திரை குத்தினார். அதற்கென்றே கையோடு ஒன்று கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் சுவர்மேல் மாட்ட ஒரு போர்டு எழுதச் சொல்லி ஆர்டர் வந்தது. யாருக்கு? ஊரில் இருப்பது ஒரே பெயிண்டர். 'பெருவெள்ளத்தின் வண்டல் கறை. இது பெயிண்ட் அல்ல. தொடாதீர்கள்' என்று அத்தான் எழுத்துக்கு நிழல் கொடுத்து அழகாக எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அத்தான் இது? உங்க கையாலயே எழுதறீங்களே, வெட்கமா இல்ல?"

"என்ன எழுதச் சொல்றாங்கன்னு பார்த்தா எந்தப் போர்டையும் எழுத முடியாது மாப்பிள்ளை. 'இங்கு சுத்தமான பால்'னு எழுதினேனே, அப்ப நீ ஒண்ணும் கேக்கலையே?"

குழு ஊர்க் கூட்டம் போட்டது. வெள்ளம் வரிசையில் ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் எப்படி வந்தது என்று எழுந்து கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நல்ல கேள்வி என்று தலைவர் கைதட்டினார். மற்ற வீட்டுக்காரர்கள் அறியாமையால் கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருக்கிறார்கள், அதை மீட்டெடுப்பது குழுவின் கடமை என்று தீர்மானம் போட்டார்கள். மீட்டெடுக்க அத்தானைத்தான் அனுப்பினார்கள், பழுப்புப் பெயிண்டும் பிரஷுமாக. எங்கள் தெரு ஆற்றங்கரையிலிருந்து ஸ்டேஷன் வரை ஏற்றம். கோடு மட்டமாகப் போனால் கீழ்க்கோடி வீட்டில் கூரைக்கு மேலேயும், மேல்கோடி வீட்டில் தரைக்கு அடியிலும் வரும் என்று அத்தான் நூல் பிடித்துக் காட்டினார். குழு யோசித்தது. எல்லா வீட்டிலும் நெஞ்சு உயரத்துக்கே போடச் சொன்னது. அந்த வெள்ளம் மேடேறி வந்த வெள்ளம் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் அச்சடித்தும் விட்டார்கள். பூதக்கண்ணாடி இதை உலகிலேயே அபூர்வமான நிகழ்வு என்றார். அது உண்மைதான்.

அப்புறம் பார்வையாளர்கள் வந்தார்கள். நான் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஜனங்களுக்கு எதையாவது கயிறு கட்டித் தடுத்துவைத்தால் போதும், உடனே பார்க்க வேண்டும். வழிகாட்டியாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். கையில் கொடி, வாயில் விசில். முன்வாசலால் உள்ளே, படுக்கையறையில் ஒரு சுற்று, நெடுநாளாக அடைத்துக் கிடந்து, பார்வையாளர்களுக்காகக் குழு திறந்துவிட்ட பின்கதவால் வெளியே, சந்து வழியாகத் தெருவுக்கு. அக்கா போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பாள். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

"பாட்டி அந்த வெள்ளத்துல மாட்டிக்கிட்டவங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்காவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

"நான் படியில விழுந்தேம்மா," என்றாள் அக்கா.

கூட்டம் போனதும் வழிகாட்டி குனிந்து, "கொஞ்சம் வெள்ளத்துல விழுந்தேன்னு சொல்லுங்களேன். மேல ரிப்போர்ட் கேக்குறாங்க," என்று கெஞ்சினாள். அவள் பிழைப்பு அவளுக்கு.

சந்து வெளியேறும் வழி ஆகிவிட்டதால் அதில் எதிர்ப்பக்கமாக வரக் கூடாது என்று விசில் அடித்தார்கள். ஒருநாள் அக்காவைப் பின்கதவு வழியாகத் தூக்கிப் போய்விட்டோம். திரும்பி வர வழியில்லை. முன்வாசலுக்குச் சுற்றிப் போனால் அங்கே நீள வரிசை. டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது என்று வாசல்காரன் சொன்னான். "ஏன்யா, அவங்க வீடுய்யா அது!" என்று கத்தினேன். "எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க," என்றான் அவன். அக்காவை நாற்காலியோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் சொந்த வீட்டுக்குள் போக வெயிலில் நாங்கள் வரிசையில் நின்றோம். பின்னால் நின்ற ஒரு ஆள் குடை பிடித்தார், நல்ல மனுஷன். துண்டுக்குள் அக்கா அழுதது எனக்குக் கேட்டது. அன்று ராட்சசன் மாதிரி எனக்குக் கோபம் வந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. அத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாடிக்குப் போனார். ஏசி அறையில் தலைவர் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒரே ஒரு கதவு. சின்னக் கதவு. குழு பேர்லயே வசதின்னு இருக்கே சார்."

"பார்வையாளர் வசதி," என்றார் தலைவர். "நீங்க பார்வையாளரா? இல்லையே, குடியிருக்கீங்க. குடியிருக்கறவங்க வசதிக்கு வேற குழு இருக்கும். இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"அவ தண்ணியே குடிக்க மாட்டேங்கறா சார்."

"பாருங்க தம்பி, நான் மனசு விட்டுச் சொல்றேன். ஜனங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிக் குடுத்தா, மறுநாளே நாத்தம் அடிக்குதுன்னு வந்து நிப்பாங்க. வரலாறு குடுத்தா எவனும் குறை சொல்ல முடியாது. சொன்னா அவனுக்குத்தான் விவரம் பத்தலைன்னு ஆயிடும். நாப்பது வருஷ உத்தியோகத்துல நான் கத்துக்கிட்டது இதுதான். வர்ற வாரம் மேலிடத்துலேர்ந்து ஆணையர் வர்றார். அவர் பார்த்து ஓகே சொல்லிட்டா குழு நிரந்தரம். அதுவரைக்கும் அந்தம்மாவைக் கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லுங்க."

அத்தான் படியிறங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதுவும் மெதுவாகத்தான்.

ஆணையர் வந்தார். பெருத்த உடம்பு, சர்க்கரை வியாதி, எழுபதை நெருங்கும் வயது. ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு குளிர்பானம், தியாகத் தூணுக்கு எதிரே ஒன்று, பெஞ்சின் பக்கத்தில் ஒன்று என்று வரவேற்றார்கள். அவரும் மரியாதைக்கு எல்லாவற்றையும் குடித்து வைத்தார். எங்கள் சந்தில் மேடை போட்டிருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள் என்று தெருவில் எள் போட இடமில்லை. ஆணையரைப் படுக்கையறைக்குள் கூட்டிவந்து சுவருக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அக்கா கட்டிலோடு மூலையில். நானும் அத்தானும் அவள் பக்கத்தில் நின்றோம்.

தலைவர் பேச ஆரம்பித்தார்.

"தண்ணீர்! பாய்ந்து வரும் தண்ணீர்! அலையலையாய், சொட்டச் சொட்ட, சலசலவென்று உள்ளே புகுந்த தண்ணீர்..."

ஆணையர் கால்மேல் கால் போட்டார். மாற்றிப் போட்டார். தலைவர் அதை உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டு வெள்ளத்தை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆணையர் நெற்றி வியர்த்தது. எழுந்து தலைவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் அதைப் பூதக்கண்ணாடியின் காதில் சொன்னார். பூதக்கண்ணாடி சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சந்து ஃபுல்லா மேடை சார். ஜனங்களை ஒதுக்கிக் கூட்டிட்டுப் போகக் கொஞ்சம் நேரமாகும்," என்றார்.

"கொஞ்ச நேரமெல்லாம் இல்லய்யா!" என்றார் ஆணையர். "எங்கதான் இருக்கு அது?"

"இதோ, இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் சார்," என்றாள் அக்கா மூலையிலிருந்து. "நடுவுல உங்க வரலாறு இருக்கு."

ஆணையர் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உடைங்க."

"சார், அது பெருவெள்ளத்தோட ஒரே சாட்சி..." என்று பூதக்கண்ணாடி இழுத்தார்.

"உடைங்கய்யா, டேய்!"

மேடை போட வந்தவர்களின் கடப்பாரை வாசலில் சாத்தியிருந்தது. நான் போய் எடுத்துவர எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. முதல் குத்தை அத்தான் கேட்டு வாங்கிக் குத்தினார். அந்தச் சாது மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! பழுப்புப் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து தலைவரின் சட்டைமேல் விழுந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்ததும், ஆணையர் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, உள்ளே போய்விட்டார். சுவர் இடிந்த சத்தத்தைக் கேட்டுத் திறப்பு விழா முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே பேண்டு வாத்தியம் முழங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஆணையர் திரும்பி வரும்வரை நிறுத்தாமல் வாசித்தார்கள்.

வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தம். "அருமையான ஏற்பாடு," என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் தலைவர் கொத்தனாரையும் செங்கல்லையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே புதிய பழுப்புப் பெயிண்ட் டப்பா. "நேத்து குடுத்தது தற்காலிக அனுமதி. மூடிட்டு, மறுபடியும் கறையை அடிச்சிடுங்க," என்று அத்தானிடம் டப்பாவை நீட்டினார். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கடப்பாரையை மறுபடி எடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது.

"தாராளமா மூடுங்க," என்றாள் அக்கா. காலையில் அந்த வழியாக ஒருமுறை போய்வந்திருந்தாள், நாலடி தூரம், எங்கள் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலை ஊன்றாமல். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு காலியாக இருந்தது. "ஆனா ஒண்ணு. மகான் உக்காந்திருக்கக்கூடிய பெஞ்சையே கயிறு கட்டி வச்சிருக்கீங்க. இது ஆணையர் நெஜமாவே போன வழி. ஊரே பார்த்துச்சு, பேண்டு வேற வாசிச்சாங்க. இதை நீங்க செங்கல் வச்சு அடைச்சீங்கன்னு நாளைக்கு அவர் காதுக்குப் போச்சுன்னா?"

தலைவர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடி கண்ணாடியை எடுத்து ஓட்டையின் விளிம்பை மேலும் கீழும் ஆராய்ந்தார். நெடுநேரம் ஆராய்ந்தார்.

"அசல்," என்றார் கடைசியில்.

ஒரு மாதத்தில் நல்ல தேக்கு நிலையும் கதவும் வந்தன, குழுச் செலவில். கதவுக்கு மேல் பளிங்குக் கல்லில் 'ஆணையர் பெருவழி' என்று பொறித்தார்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் பெருவெள்ளத்தை அடித்துவிட்டு இதைச் சேர்த்தார்கள். தெருவில் எல்லா வீட்டுக் கோடுகளையும் அழிக்க அத்தானுக்கே மறுபடி வேலை கிடைத்தது. குழு நிரந்தரமானது, இரண்டாவது காரும் வந்தது. இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஆனால் அக்கா வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்கிறாள், உதட்டு வெடிப்பு ஆறிவிட்டது, இப்போது கோலூன்றித் தானே போய்வருகிறாள்.

நேற்றுக்கூட வெளியூரிலிருந்து ஒரு பெரிய கூட்டம். விசில்காரி கதவைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே தாழ்ப்பாள். மெதுவாகத் தட்டினாள்.

"அக்கா, பார்வையாளர்கள் வந்திருக்காங்க. இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"இருக்கச் சொல்லு," என்று உள்ளேயிருந்து நிதானமாகப் பதில் வந்தது. "வரலாறு நடந்துக்கிட்டிருக்கு."